அலுவலகத்துக்கு நாலு ஜிபியூ ஒர்க்ஸ்டேஷன்: மின் இணைப்பிலிருந்து முதல் பயிற்சி ஓட்டம் வரை

மெஷின் லேர்னிங் வேலைக்கு, அதாவது தரவைக் காட்டி மாடல்களைப் பயிற்றுவிக்க, ஒரு பெரிய மெஷின் கட்டலாம் என்று அலுவலகத்தில் பேச்சு எழுந்ததும், எந்த ஜிபியூ (இந்தக் கணக்குகளை வேகமாகப் போடும் கிராஃபிக்ஸ் கார்டு) வாங்கலாம் என்ற விவாதம்தான் முதலில் ஆரம்பிக்கும். என்னைக் கேட்டால் அதற்கு முன்னால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மெஷின் எந்த அறையில் நிற்கப்போகிறது? சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகும், ஞாயிற்றுக்கிழமையும் அந்த அறையில் ஏசி ஓடுமா? சுவரில் இருப்பது 6 ஆம்பியர் பிளக்கா, 16 ஆம்பியரா?

கேம் விளையாடும் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் சூடாகி அப்புறம் ஆறிவிடும். பயிற்சி மெஷினை வெள்ளிக்கிழமை மாலை ஓட்டிவிட்டால் திங்கட்கிழமை காலை வரை முழுச் சுமையில் நிற்கும், பக்கத்தில் ஒரு ஆள்கூட இல்லாமல். கீழே சொல்லும் ஒவ்வொரு தேர்வையும் அந்த வார இறுதியை மனதில் வைத்தே செய்திருக்கிறேன்.

வாரத்தில் சில மணி நேரம்தான் பயிற்சி ஓடும் என்றால் கட்டவே வேண்டாம், கிளவுடில் வாடகைக்கு எடுப்பது லாபம். பெட்டியைத் திறந்து கார்டைக் கழற்றி மாட்டத் தயங்காத ஒருவராவது அலுவலகத்தில் இல்லையென்றால், லெனோவோ திங்க்ஸ்டேஷன் பிஎக்ஸ், ஹெச்பி இசட்8 ஃபியூரி போல நாலு இரட்டை ஸ்லாட் கார்டு தாங்கும் ஆயத்த மெஷினை வாங்கிவிடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் பழுதானால் வந்து பார்க்க ஆள் இருப்பார். இந்த இரண்டு நிலையிலும் இல்லாதவர்களுக்குத்தான் மற்றதெல்லாம்.

படி 1: மெமரிக் கணக்கு

ஜிபியூ வேகம் குறைந்தால் வேலை தாமதமாகும். மெமரி போதாவிட்டால் வேலை ஆரம்பிக்கவே செய்யாது. ஆகவே பேப்பரை எடுத்து முதலில் மெமரிக் கணக்கைப் போடுங்கள்.

16 பிட்டையும் 32 பிட்டையும் கலந்து கணக்கிடும் முறையில், எடைகளைத் திருத்தும் ஆடம் ஆப்டிமைசரோடு ஒரு மாடலை முழுசாகப் பயிற்றுவிக்க, ஒரு பாராமீட்டருக்கு (மாடல் கற்றுக்கொள்ளும் ஒரு எண்) 16 பைட் வேண்டும். எடைக்கு (அந்த எண்ணின் மதிப்பு) 2, கிரேடியன்ட்டுக்கு (அதை எப்படித் திருத்துவது என்ற கணக்கு) 2, எடையின் 32 பிட் பிரதிக்கு 4, ஆடம் வைத்துக்கொள்ளும் இரண்டு சராசரிகளுக்குத் தலா 4. எல்லோரும் 7பி என்று சொல்லும் 700 கோடி பாராமீட்டர் மாடலுக்கு இது 112 ஜிபி ஆகிறது. பயிற்சியின்போது இடையில் உருவாகும் ஆக்டிவேஷன்கள் இதற்கு மேல். 24 ஜிபி கார்டு நாலு போட்டால் மொத்தம் 96 ஜிபி, உள்ளே போகாது. 48 ஜிபி கார்டு நாலு என்றால் 192 ஜிபி. எஃப்எஸ்டிபி அல்லது டீப்ஸ்பீட் ஜீரோ என்ற மென்பொருள் வசதி மூலம் நாலு கார்டுக்கும் பிரித்துப் போட்டால் தாராளமாக ஓடும்.

லோரா முறையில் (அடிப்படை மாடலைத் தொடாமல், கூடச் சேர்க்கும் சின்ன அடுக்குகளை மட்டும் பயிற்றுவிப்பது) மேல்பயிற்சி கொடுப்பதோடு நிறுத்திக்கொள்பவர்களுக்குக் கதை வேறு. அடிப்படை மாடல் 16 பிட்டில் 14 ஜிபி, கூடச் சேரும் சின்ன அடுக்குகளுக்குக் கொஞ்சம். 24 ஜிபி கார்டு ஒன்றே போதும். 2023இல் வந்த கியூலோரா முறை, 6500 கோடி பாராமீட்டர் மாடலையே 48 ஜிபி கார்டு ஒன்றில் 4 பிட்டாகச் சுருக்கிப் பயிற்றுவிக்க வழி காட்டியது.

நாலு கார்டும் சேர்ந்து ஒரே பெரிய மாடலைப் பயிற்றுவிக்கப் போகின்றனவா, இல்லை நாலு பேர் தனித்தனியாகச் சின்ன மாடல்களை ஓட்டப்போகிறார்களா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். படத்தில் பொருளைக் கண்டறிவது, ரசீதைப் படிப்பது போன்ற வேலைகள் பெரும்பாலும் இரண்டாவது வகை. அப்படியானால் கார்டுகளுக்கு இடையே தரவு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கவலைப்படத் தேவையில்லை, மதர்போர்டு செலவும் குறையும்.

படி 2: கார்டு

ஆர்டிஎக்ஸ் 4090இல் 24 ஜிபி மெமரி, 450 வாட். ஆர்டிஎக்ஸ் 5090இல் 32 ஜிபி, 575 வாட். இரண்டும் அபார வேகம், ஒரு ஜிபிக்கு ஆகும் விலையும் குறைவு. ஆனால் இவை பெட்டிக்குள் தனியாக நிற்பதற்காக வடிவமைத்த கார்டுகள். பல மாடல்கள் மூன்று ஸ்லாட்டுக்கு மேல் இடம் பிடிக்கும். ஃபேன்கள் சூடான காற்றைப் பெட்டிக்குள்ளேயே தள்ளும். இரண்டை ஒட்டி மாட்டினால் ஒன்று விட்ட அனல் காற்றை அடுத்தது இழுத்துக்கொண்டு தவிக்கும். நாலு மாட்ட வேண்டுமென்றால் கார்டைப் போர்டிலிருந்து தள்ளி வைக்க உதவும் ரைசர் கேபிளும் திறந்த ஃபிரேமும்தான் வழி. அலுவலகத்தில், தூசிக்கும் துடைப்பத்துக்கும் நடுவில், அப்படி ஒன்றை நிறுத்த நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் பரிந்துரைப்பது இரட்டை ஸ்லாட், புளோவர் வகை, 300 வாட் கார்டுகள். புளோவர் என்றால் ஒரே ஒரு உருளை ஃபேன் காற்றை இழுத்து, கார்டின் நீளம் முழுக்க ஓட்டி, பெட்டியின் பின்பக்கம் வழியாக வெளியே தள்ளிவிடும். சத்தம் அதிகம், ஆனால் நாலை ஒட்டி வைத்தாலும் தாங்கும். ஆர்டிஎக்ஸ் ஏ6000, ஆர்டிஎக்ஸ் 6000 அடா ஆகியவை 48 ஜிபியோடு இந்த வகை. ஆர்டிஎக்ஸ் புரோ 6000 பிளாக்வெல்லின் மேக்ஸ்-கியூ பதிப்பு அதே 300 வாட்டில் 96 ஜிபி தருகிறது. அதன் ஒர்க்ஸ்டேஷன் பதிப்பு 600 வாட், இதிலிருந்து முற்றிலும் வேறு கார்டு. பர்ச்சேஸ் ஆர்டரில் பெயரை முழுசாக எழுதுங்கள், பாதிப் பெயரைப் பார்த்து டீலர் மற்றதை அனுப்பிவிட்டால் மொத்த மின்கணக்கும் தப்பாகிவிடும்.

பட்ஜெட் இடிக்கிறதா? 32 ஜிபி கார்டு நாலைவிட 96 ஜிபி கார்டு இரண்டு மேல். மொத்த மெமரியும் கூடுதல், மாடலைத் துண்டு போடும் தொல்லையும் குறைவு, பின்னால் இன்னும் இரண்டு மாட்ட இடமும் மிஞ்சும்.

கார்டுகளை நேரடியாக இணைக்கும் என்விலிங்க் என்னாச்சு என்று கேட்பவர்கள் உண்டு. கேம் கார்டுகளான ஜிஃபோர்ஸ் வரிசையில் அது கடைசியாக இருந்தது 3090, 3090 டிஐ கார்டுகளில். ஒர்க்ஸ்டேஷன் வரிசையில் ஏ6000இல் இருந்தது, 6000 அடாவிலேயே எடுத்துவிட்டார்கள். 4090இல் கார்டுக்குக் கார்டு நேரடியாகப் பேசும் பி2பி வசதியும் இல்லை, தரவு ரேம் வழியாகச் சுற்றிப் போகும். இன்னொரு விஷயம்: ஜிஃபோர்ஸ் டிரைவரின் உரிமத்தில் டேட்டா சென்டரில் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை 2017 இறுதியிலேயே சேர்க்கப்பட்டது. மெஷினைப் பின்னாளில் டேட்டா சென்டருக்கு மாற்றும் யோசனை இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள்.

படி 3: லேன், மதர்போர்டு, பிராசஸர்

சாதாரண டெஸ்க்டாப் பிராசஸர் ஜிபியூவுக்கென்று தருவது 16 பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் (தரவு போகும் பாதை). நல்ல போர்டு அதை 8, 8 என்று இரண்டு ஸ்லாட்டுக்குப் பிரிக்கும். இரண்டு கார்டுக்கு அது சரி. மலிவு போர்டில் இரண்டாவது ஸ்லாட் பார்க்க நீளமாக இருந்தாலும் உள்ளே 4 லேன்தான், அதுவும் பிராசஸரோடு நேராக இல்லாமல் சிப்செட் என்ற துணைச் சில்லு வழியாக.

இது எவ்வளவு உறைக்கும் என்று பார்ப்போம். மேலே சொன்ன 7பி மாடலை எஃப்எஸ்டிபியில் நாலு கார்டுக்குப் பிரித்தால், எடைகளை இரண்டு முறை சேகரித்து, கிரேடியன்ட்டை ஒரு முறை பகிர வேண்டும். 16 பிட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கார்டுக்குச் சுமார் 31 ஜிபி போய்வரும். நாலாம் தலைமுறை 16 லேனில் நடைமுறையில் நொடிக்கு 25 ஜிபி கிடைத்தால் இது ஒன்றேகால் நொடி. 4 லேனில் ஐந்து நொடி. கணக்குப் போடும் நேரத்தோடு கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் என்றாலும், ஐந்து நொடியை ஒளித்துவைக்க முடியாது. காசு கொடுத்து வாங்கிய கார்டு சும்மா காத்திருக்கும்.

ஆகவே நாலு கார்டுக்கு ஏஎம்டி திரெட்ரிப்பர் புரோ, எபிக், இன்டெல் ஜியான் டபிள்யூ ஆகியவைதான். திரெட்ரிப்பர் புரோ 7000 வரிசை 128 லேன் ஐந்தாம் தலைமுறை பிசிஐ தருகிறது. அதற்கான டபிள்யூஆர்எக்ஸ்90 போர்டுகளில் ஏசூஸின் சேஜ் மாடலில் நீளமான ஸ்லாட் ஏழு, ஒன்று விட்டு ஒன்றாக நாலு கார்டு உட்கார்ந்துவிடும். கடைசிக் கார்டு எட்டாவது ஸ்லாட்டின் இடத்தையும் பிடிக்கும் என்பதால் கேபினெட்டில் குறைந்தது 8 ஸ்லாட் திறப்பு இருக்க வேண்டும். இந்த போர்டுகள் இஇபி அளவு, 305க்கு 330 மிமீ. ஏடிஎக்ஸ் என்று மட்டும் எழுதியிருக்கும் கேபினெட்டில் அடங்காது.

கோர் எண்ணிக்கைக்கு மயங்க வேண்டாம். கார்டுக்கு ஆறு கோர் கணக்கில் 24 கோர் போதும். வீடியோவைப் பிரித்துப் படிப்பது போல தரவுத் தயாரிப்பு கனமாக இருந்தால் 32.

ரேம் குறைந்தது மொத்த ஜிபியூ மெமரி அளவுக்கு, முடிந்தால் இரண்டு மடங்கு. திரெட்ரிப்பர் புரோவுக்கு எட்டு சேனல், எட்டிலும் ரேம் போடுங்கள். டிடிஆர்5 ஆர்டிம் என்ற சர்வர் ரேம் வகைதான் பொருந்தும், டெஸ்க்டாப் ரேம் வேலை செய்யாது. டிஸ்க்கைப் பொறுத்தவரை சிஸ்டத்துக்கு ஒரு என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி), டேட்டாவுக்குத் தனியாக 4 டெராபைட்டோ அதற்கு மேலோ இன்னொன்று. டாக்கர் இமேஜ்களை (மென்பொருளை அதன் தேவைகளோடு கட்டிவைத்த பொதிகள்) டேட்டா டிஸ்க்குக்கு மாற்றிவையுங்கள், இல்லையென்றால் சிஸ்டம் டிஸ்க் நிரம்பி லாகின்கூட ஆகாத நாள் வரும்.

படி 4: மின்சாரம்

நாலு கார்டு 1200 வாட், பிராசஸர் 350, மற்றதெல்லாம் 150. ஆக 1700 வாட். பவர் சப்ளையின் சேதாரத்தையும் சேர்த்தால் சுவரிலிருந்து சுமார் 1800 வாட் எடுக்கும், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8 ஆம்பியர். 6 ஆம்பியர் பிளக்கைத் தொடக்கூடாது. டிபி என்ற மின் பகிர்வுப் பெட்டியிலிருந்து இந்த மெஷினுக்கென்றே தனி லைன், 4 சதுர மிமீ செம்பு வயர், 16 ஆம்பியர் சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

பவர் சப்ளை 2000 வாட் அல்லது அதற்கு மேல். இந்த அளவு சப்ளைகள் முழுத் திறனைத் தருவது 200 வோல்ட்டுக்கு மேல்தான். அமெரிக்காவில் 120 வோல்ட், 15 ஆம்பியர் பிளக்கில் 1800 வாட்தான் உச்சம் என்பதால் அங்கே இரண்டு சப்ளை வைத்து அல்லாடுகிறார்கள். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஒன்றே போதும். ஏடிஎக்ஸ் 3.0 அல்லது அதற்குப் பிந்தைய தரம் என்று பார்த்து வாங்குங்கள். ஜிபியூக்கள் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவான அளவில் திடீரென்று பல மடங்கு கரண்ட் இழுக்கும், அந்தத் தரத்தில் சப்ளை தன் அளவைப்போல இரண்டு மடங்கை 100 மைக்ரோ நொடி தாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பழைய சப்ளையின் கேபிளைப் புதியதில் மாட்டாதீர்கள். முனை பொருந்தும், ஆனால் உள்ளே வயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு, கார்டு எரிந்துபோகும்.

யுபிஎஸ் ஆன்லைன் வகை, 3 கேவிஏ. பவர் ஃபேக்டர் 0.9 என்றால் 2700 வாட் தாங்கும். பத்து நிமிடம் பேட்டரி நின்றால் போதும், அதற்குள் செக்பாயின்ட் (பயிற்சி அதுவரை வந்த நிலை) எழுதி மெஷின் தானே அணைய வேண்டும். அதற்கு நட் என்ற மென்பொருளை நிறுவி யுபிஎஸ்ஸை யுஎஸ்பி கேபிளால் இணைத்துவிடுங்கள். எலக்ட்ரீஷியன் வந்திருக்கும்போதே நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட்டேஜ் அளக்கச் சொல்லுங்கள். ஓரிரு வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைச் சரிசெய்த பிறகே மெஷினை மாட்ட வேண்டும்.

முழு நாள் ஓடினால் 43 யூனிட். மாதம் முழுக்க ஓடினால் 1300 யூனிட்டை நெருங்கும், ஏசி தனி. இதை முன்கூட்டியே நிர்வாகத்திடம் சொல்லிவிடுவது நல்லது.

படி 5: சூடு

எடுக்கும் 1800 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் வரும். ஒரு டன் ஏசி சுமார் 3.5 கிலோவாட் சூட்டை வெளியேற்றும் என்பதால் இந்த ஒரு மெஷினே அரை டன்னைத் தின்றுவிடும். சின்ன அறையில் கதவைச் சாத்திவைத்து ஏசி இல்லாமல் ஓட்டினால் அறை வெகு வேகமாகச் சுடும். சித்திரை, வைகாசியில் சொல்லவே வேண்டாம்.

அலுவலகக் கட்டடங்களில் சென்ட்ரல் ஏசியைச் சாயங்காலம் நிறுத்திவிடுவார்கள். பயிற்சி ஓடுவதோ ராத்திரியில். ஆகவே தனி ஸ்பிளிட் ஏசி அவசியம், இரண்டு வைத்து டைமர் போட்டு மாற்றி மாற்றி ஓட்டினால் இன்னும் நல்லது. வாங்கும்போது ஆட்டோ ரீஸ்டார்ட் வசதி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கரண்ட் போய் வரும்போது மெஷின் யுபிஎஸ் தயவில் ஓடிக்கொண்டே இருக்கும். ஏசி அணைந்தது அணைந்ததுதான் என்று இருந்துவிட்டால், காலையில் வந்து கதவைத் திறக்கும்போது அனல் அடிக்கும். பொருத்திய அன்றே மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டு, ஏசி தானே எழுந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

புளோவர் நாலும் முழு வேகத்தில் சுழன்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேச முடியாது. அதனாலும் தனி அறையே சரி. முன்பக்க ஃபில்டரை மாதம் ஒரு முறை கழுவிக் காயவைத்து மாட்டுங்கள்.

படி 6: பூட்டுதல்

திரெட்ரிப்பர் சாக்கெட்டில் மூன்று திருகுகள், எண் போட்டிருக்கும். இறுக்கும்போது 1, 2, 3. கழற்றும்போது 3, 2, 1. அளவுக்குமேல் இறுக்கக் கூடாது. குறைந்தால் சில ரேம் சேனல்கள் காணாமல் போகும்.

முதலில் ஒரே ஒரு ஜிபியூவோடு, எட்டு ரேமோடு ஆன் செய்யுங்கள். திரை பல நிமிடம் கருப்பாகவே இருக்கும். டிடிஆர்5 ரேமைப் பழக்கப்படுத்தும் வேலை உள்ளே நடக்கிறது, பவர் பட்டனை அழுத்திவிடாமல் காத்திருங்கள். பயாஸ் (மதர்போர்டின் அமைப்புத் திரை) வந்த பிறகு அணைத்து மற்ற கார்டுகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதில் கோளாறு என்று கண்டுபிடிக்க இதுதான் சுலப வழி.

ஸ்லாட்டுகளுக்குக் கூடுதல் மின்சாரம் தர மதர்போர்டில் தனி இணைப்புகள் இருக்கும். ஒவ்வொரு கார்டும் ஸ்லாட் வழியாக 75 வாட் வரை எடுக்கலாம், நாலுக்கு 300. அந்த இணைப்புகளை மறந்துவிடாதீர்கள். 16 பின் கேபிளை கிளிக் என்று உட்காரும் வரை அழுத்தி, இடைவெளி இல்லையா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முனையை ஒட்டி வளைக்காதீர்கள். 4090இல் உருகிய கனெக்டர்கள் பலவற்றில் காரணம், கேபிள் முழுசாக உட்காராததுதான்.

பயாஸில், ஜிபியூவின் பெரிய மெமரியைப் பிராசஸர் அணுக உதவும் அபவ் 4ஜி டிகோடிங், ரீசைசபிள் பார் இரண்டையும் ஆன் செய்யுங்கள். கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும் அமைப்பையும் போட்டுவிடுங்கள். கார்டுகளின் பி2பி பேச்சு நின்று பயிற்சி உறைந்துபோனால், கார்டுகளின் மெமரி அணுகலுக்கு இடையில் நிற்கும் ஐஓஎம்எம்யூவைப் பயாஸில் அணைத்துப் பார்ப்பது முதல் வைத்தியம்.

படி 7: மென்பொருள்

உபுண்டு 24.04 சர்வர் போடுங்கள். மானிட்டரை மதர்போர்டின் விஜிஏவில் மாட்டினால் ஜிபியூ மெமரி முழுசாக உங்களுக்கே. பிளாக்வெல் கார்டுக்கு என்விடியாவின் ஓபன் கெர்னல் மாட்யூல் டிரைவர்தான் வேலை செய்யும், பழைய வகையைப் போட்டால் கார்டே தெரியாது. பயிற்சி மென்பொருளான பைடார்ச் தனக்கு வேண்டிய கூடா (என்விடியாவின் ஜிபியூ கணக்கு) நூலகங்களைத் தானே கொண்டுவரும் என்பதால் டிரைவர் ஒன்று சரியாக இருந்தால் போதும். ஆளுக்கொரு பதிப்பு தேவைப்படும் இடங்களில் டாக்கரும், அதற்குள் ஜிபியூவைக் கொண்டுவரும் என்விடியா கன்டெய்னர் டூல்கிட்டும்.

உபுண்டு நாம் கவனிக்காத நேரத்தில் தானாக அப்டேட் செய்யும்போது டிரைவரையும் மாற்றிவிடும். மறுநாள் புதிதாக எந்த வேலையைத் தொடங்கினாலும், டிரைவரும் லைப்ரரியும் பொருந்தவில்லை என்ற பிழை வரும். ரீபூட் செய்தால் சரியாகிவிடும், ஆனால் அதற்கு ஓடிக்கொண்டிருக்கும் பயிற்சியை நிறுத்த வேண்டும். டிரைவர் பேக்கேஜ்களை ஏபிடி ஹோல்டில் (தானாக மாறாமல் நிறுத்திவைப்பது) வைத்து, மாதம் ஒரு நாள் நீங்களே பார்த்து அப்டேட் செய்யுங்கள்.

450 வாட் கார்டு வைத்திருப்பவர்கள் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை மூலம் பவர் லிமிட்டை 350க்கு இறக்கிப் பாருங்கள். வேகம் சில சதவீதம்தான் குறையும், சூடு நன்றாகவே இறங்கும். ரீபூட் ஆனதும் இந்த அமைப்பு போய்விடும் என்பதால் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் தானே ஓடும் சிஸ்டம்டி சர்வீஸாக எழுதிவையுங்கள்.

படி 8: சோதனை

யாருக்கும் லாகின் கொடுக்கும் முன் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஒரு இரவு, ஜிபியூவுக்கு முழுச் சுமை தரும் ஜிபியூ-பர்ன் ஒரு இரவு. அந்த இரவுகளில் ஏசி, யுபிஎஸ், அறை எல்லாம் வார இறுதியில் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும். கதவைத் திறந்துவைத்துச் சோதித்தால் அர்த்தமில்லை. ஒரு முறை, சுமை முழுசாக இருக்கும்போதே யுபிஎஸ்ஸின் இன்புட்டை அணைத்துப் பாருங்கள். மெஷின் ஒழுங்காகத் தானே அணைந்தால் சரி.

லேன் எண்ணிக்கையை ஓட்டத்தின்போது பாருங்கள். சும்மா இருக்கையில் கார்டு மின்சாரம் மிச்சப்படுத்த முதல் தலைமுறை வேகத்துக்கு இறங்கிக் காட்டும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் 16 இருக்க வேண்டிய இடத்தில் 8 என்று காட்டினால் கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்காரவில்லை அல்லது பின்னில் அழுக்கு. கார்டுகள் தமக்குள் தரவு பரிமாறும் வேகத்தை அளக்கும் என்சிசிஎல் டெஸ்ட்டில் ஆல்-ரிடியூஸ் ஓட்டி, நாலு கார்டுக்கும் வரும் வேகத்தைக் குறித்துவையுங்கள். ஆறு மாதம் கழித்து மெதுவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஒப்பிட அந்த எண் வேண்டும்.

கெர்னல் லாகில், என்விடியா டிரைவரின் பிழைக் குறியான எக்ஸ்ஐடி என்று தேடுங்கள். 79 என்று வந்தால் கார்டு பிசிஐ இணைப்பிலிருந்தே விழுந்துவிட்டது என்று பொருள். பவர் கேபிள், சூடு, ஸ்லாட் என்ற வரிசையில் பாருங்கள். கார்டை இடம் மாற்றி மாட்டியும் அதே கார்டே விழுந்தால் வாரன்டிக்கு அனுப்ப வேண்டியதுதான். அதற்காகத்தான் கம்பெனி பெயரில் ஜிஎஸ்டி பில், அதில் ஒவ்வொரு கார்டின் சீரியல் எண் என்று வாங்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் பெரிய டிஸ்ட்ரிபியூட்டரிடம் வாங்கினாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இரண்டு பேருக்கு மேல் பயன்படுத்தினால் வேலைகளை வரிசைப்படுத்திக் கார்டு ஒதுக்கும் ஸ்லர்ம் மென்பொருளை முதல் நாளிலிருந்தே போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டுக் கார்டு பிடிப்பது ஒரு வாரம்கூடத் தாங்காது. ஒரு கார்டை மட்டும் பகல் நேரச் சோதனைகளுக்கென்று தனி வரிசையில் ஒதுக்கி, மற்ற மூன்றை நீண்ட வேலைகளுக்கு விடுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு மேல் நாலையும் ஒரே வேலைக்குத் தரலாம்.